நான்காம் மாடியின் லிஃப்ட் நிபுணர்

ஜூலை 7, திங்கள்

ப்ரூனோ இன்று கனடா போய்விட்டது. இனி பொற்கொடி அக்காவுக்கு லிஃப்ட் கிடையாது.

நாளைக்கு நானே எடுத்துப் படித்தாலும் இது புரியாது. அதனால் விளக்கி வைக்கிறேன். மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் நீலகமலம் என்க்ளேவில் நான்கு மாடி, ஒரு லிஃப்ட். அதன் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு: ‘குப்பை மூட்டை, சிமென்ட், வீட்டுப் பணியாளர், வளர்ப்புப் பிராணி – படிக்கட்டு வழியே மட்டும்.’ கையெழுத்து வேதமூர்த்தி, சங்கச் செயலாளர். காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் மட்டும் போய்விட்டது, சுற்றறிக்கை போகவில்லை.

இந்த அறிவிப்பைப் பார்த்துக் கொதித்து எழுந்தவர்கள் நாய் வளர்ப்பவர்கள். பிராணிக்கும் உரிமை உண்டு என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் போர் நடந்தது. கடைசியில் ‘வளர்ப்புப் பிராணி’ மேல் வெள்ளை மை பூசப்பட்டது. மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. குப்பை, சிமென்ட், பொற்கொடி அக்கா.

ஆனால் நாயால் பொத்தானை அழுத்த முடியாது. ஆகவே நாயோடு வருபவரும் ஏறலாம் என்று ஆனது. 4A வீட்டு ப்ரூனோவைக் காலையில் உலாத்தக் கூட்டிப்போவது அக்காவின் வேலை. அன்றிலிருந்து அக்கா எங்கே போனாலும் கையில் ப்ரூனோ. பால் வாங்க, இஸ்திரிக்குக் கொடுக்க, எல்லாவற்றுக்கும். “இது நாயில்ல பாப்பா, என் லிஃப்ட் பாஸு” என்பார். ப்ரூனோவும் நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்கி இளைத்துப்போனது.

4A குடும்பம் இன்று விமானம் ஏறிவிட்டது. பாஸும் போய்விட்டது. அக்காவுக்கு வலது முட்டி வீங்கியிருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் படியே ஏறக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா வேலை செய்யும் வீடுகளில் எங்களுடையதையும் சேர்த்துப் பாதி நான்காம் மாடியில்தான் இருக்கிறது. முட்டி ஒத்துழைக்காவிட்டால் அந்தப் பாதி போய்விடும்.

“வேற நாய் யாரு வளக்குறாங்கன்னு விசாரி பாப்பா” என்றார் அக்கா.

ஜூலை 8, செவ்வாய்

ஆபீசில் மீட்டிங். எங்கள் ஆபீஸ் வேளச்சேரியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் இருக்கிறது. ‘சட்டுனுசொல்லு’ என்ற தளத்துக்கு நாங்கள் நான்கு பேர் கட்டுரை எழுதுகிறோம். இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை, பல்லி தலையில் விழுந்தால் என்ன செய்வது, இந்த ரகம். எழுதியவர் யாரும் இட்லி மாவு அரைத்ததில்லை.

முதலாளி ஜோயல் சார் கம்ப்யூட்டரில், தளத்துக்கு வருவோர் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கோட்டைக் காட்டினார். அது மேலிருந்து கீழே வழுக்கி இறங்குகிறது.

“முன்னாடி ஜனங்க தேடுவாங்க, பத்து லிங்க் வரும், அதுல நம்மளத் தொறப்பாங்க. இப்ப ஏஐ கிட்டக் கேக்குறாங்க. அது நம்மளப் படிச்சு, நம்ம பதிலத் தன் பதில் மாதிரி சொல்லிட்டு, ஓரமா ஒரு சின்ன நம்பர் போடுது. அந்த நம்பர எவன் அமுக்குறான்?”

யாரும் அமுக்குவதில்லை. நானும் அமுக்குவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

இனி புது முறையாம். தலைப்பு கேள்வியாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வரியில் பதில் வர வேண்டும். ‘இருக்கலாம்’, ‘என்று கருதப்படுகிறது’ எல்லாம் கூடாது. “தயங்குனா அது நம்மள எடுக்காது. அடிச்சுச் சொல்லு.” வாழ்க்கையில் இதுவரை எந்த முதலாளியும் என்னை அடித்துப் பேசச் சொன்னதில்லை.

ஜூலை 10, வியாழன்

அக்கா படியேறி வந்தார். எங்கள் வீட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க?

“நான் போய் வேதமூர்த்திகிட்டப் பேசவா அக்கா?”

“பேசேன்” என்றார். குரலில் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றுமில்லை.

கீழே போனேன். வேதமூர்த்தி வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து போனை வெற்றிலைத் தட்டு போல வாய்க்கு நேரே ஏந்திப் பேசிக்கொண்டிருந்தார். ஏஐயிடம் தமிழில்தான் கேட்பார். ஆங்கிலத்தில் கேட்டால் தன் உச்சரிப்பை அது திருத்துகிறது என்று கோபம்.

“வணக்கம். தண்ணீர்த் தொட்டியில் பாசி படிகிறது. என்ன செய்யலாம் என்று நீங்கள் கருதுகிறீர்கள்?”

அது என்னவோ சொன்னது. அவர் முதல் இரண்டு வரியை மட்டும் கேட்டுவிட்டு, “மிக்க நன்றி” என்று நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான். முதல் இரண்டு வரி அவருக்கு வேதம், மூன்றாவது வரியைக் கேட்கப் பொறுமை இல்லை. அந்த இரண்டு வரி குழுவில் ‘ஏஐ உறுதி செய்துள்ளது’ என்ற தலைப்போடு வரும்.

அந்த நேரம் பார்த்து 2B வீட்டுச் சமையற்கார அம்மா வந்தார். அறுபது வயதாவது இருக்கும். “ஏய், செருப்ப வெளியில விடு, எத்தன தடவ சொல்றது?” என்றார் வேதமூர்த்தி. போனுக்கு நீங்கள், அறுபது வயதுக்கு ஏய்.

பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். தலைவலி.

ஜூலை 12, சனி

அம்மா திண்டிவனத்திலிருந்து வந்துவிட்டுப் போனாள். லிஃப்ட் ரிப்பேர் என்று நினைத்துப் படியேறி வந்தாளாம். முருங்கைக்காய், பலாக்கொட்டை கொண்டுவந்தாள். சாயம் போன நூல் சேலையில் வந்திருந்தாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று சொன்னேன். இருட்டுவதற்குள் ஊருக்குப் போய்விட்டாள்.

லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

வாட்ச்மேன் தணிகாசலம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “நேத்து வந்தது உங்கம்மான்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார். பரவாயில்லை என்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

துணி துவைத்தேன். ஒரு பக்கெட் போதும் என்று ஆரம்பித்து வீட்டுத் திரைச்சீலை வரை துவைத்துவிட்டேன். அறைத்தோழி ஷெரின், “யார நெனச்சுடி இப்படி அடிச்சுத் துவைக்கற?” என்று கேட்டாள்.

ஜூலை 14, திங்கள்

இன்று ஒரு கட்டுரை எழுதினேன். பட்டியலில் அடுத்தது ‘மழைக்காலத்தில் அரிசியில் வண்டு’. நான் எழுதியது வேறு.

தலைப்பு: ‘லிஃப்ட் காலியாக ஓடினால் என்ன ஆகும்?’

முதல் இரண்டு வரி: ‘காலியாகவோ ஓரிரு ஆட்களோடோ தொடர்ந்து ஓடும் லிஃப்டில் எதிர் எடை சமநிலை இழந்து, கயிறு விரைவில் தளரும். காலை ஆறு முதல் பத்து மணி வரை அதிகம் பேரை ஏற்றிச் சென்றால் லிஃப்டின் ஆயுள் கூடும்.’

இதில் ஒரு சொல்கூட உண்மை கிடையாது. ‘எதிர் எடை’ என்ற சொல்லை மட்டும் உண்மையாக எங்கோ படித்திருக்கிறேன். காலை ஆறு முதல் பத்து வரை என்பது வீட்டு வேலை செய்பவர்கள் வரும் நேரம். இது கயிற்றுக்குத் தெரிய வேண்டியதில்லை.

எழுதும் முன்பு ஒன்று பார்த்தேன். லிஃப்ட் பராமரிப்பு பற்றித் தமிழில் இணையத்தில் கிடைப்பது மொத்தம் நாலைந்து பக்கம். அதில் இரண்டு விளம்பரம், ஒன்றில் படம் மட்டும், இன்னொன்று மொழிபெயர்ப்பு இயந்திரம் உளறியது. ஆங்கிலமாக இருந்தால் நூறு பேர் வந்து மறுத்திருப்பார்கள். தமிழில் முதலில் வாய் திறந்தவள் நான்தான்.

வேறு காரணம் எதுவும் இல்லை. பொற்கொடி அக்காவின் முட்டிக்காக எழுதினேன்.

ஜூலை 16, புதன்

வண்டுக் கட்டுரையையும் எழுதி முடித்தேன். ஜோயல் சார் எந்தக் கட்டுரையையும் படிப்பதில்லை, கோட்டை மட்டும்தான் பார்ப்பார்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் பல் துலக்கும் முன்பே போனில் கேட்டுப் பார்த்தேன். லிஃப்ட் காலியாக ஓடினால் என்ன ஆகும்? கண் இமைக்கும் நேரத்தில், சந்தேகமே இல்லாத குரலில், என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னது. ‘நிபுணர்களின் கூற்றுப்படி’ என்று முன்னால் சேர்த்துக்கொண்டது. நான் ஒருத்திதான். அது பன்மையில் சொல்கிறது.

பழைய தேடலில் பத்துப் பேர் கை தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அதில் பாதிப் பேர் திருடர்கள் என்பது பார்த்தாலே தெரியும். யாரை நம்புவது என்பது நம் பாடு. இப்போது ஒரே ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார். மற்ற ஒன்பது பேர் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நல்ல மனிதர் போலப் பேசுகிறார். அவர் கையில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். பல் துலக்காத ஒருத்தி.

ஆபீஸ் கிளம்பும்போது வேதமூர்த்தி சோபாவில் இருந்தார். நான் தணிகாசலத்திடம் சத்தமாக, “லிஃப்ட் காலியாவே ஓடுதேண்ணா, கயிறு தளராதா?” என்றேன்.

“கயிறா?” என்றார் தணிகாசலம்.

“அறுந்து விழுந்தா என்ன பண்றது? சரி, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

கேட்டைத் தாண்டும் முன் பின்னால் குரல் கேட்டது. “வணக்கம். லிஃப்ட் காலியாக ஓடினால்…”

ஜூலை 19, சனி

சுற்றறிக்கை வந்துவிட்டது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பழைய தாள் போய், புதியது:

‘நம் லிஃப்டின் நலன் கருதி, ஏஐ உறுதி செய்துள்ளபடி, வீட்டுப் பணியாளர்கள் அனைவரும் காலை 6 முதல் 10 வரை கட்டாயமாக லிஃப்டையே பயன்படுத்த வேண்டும். படிக்கட்டு வழியே ஏறுவது தடை செய்யப்படுகிறது. – வேதமூர்த்தி.’

சங்கத்துக்கென்று இணையதளம் ஒன்று இருக்கிறது. அவரே தொடங்கியது. முதல் பக்கத்தில் அவர் படம், இரண்டாம் பக்கத்திலும் அவர் படம். அதிலும் இதை ஏற்றிவிட்டார். மேடவாக்கம் குடியிருப்போர் கூட்டமைப்புக்கும் அனுப்பிவிட்டார்.

நான் சிரித்தேன், ஆனால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. ஒரு மனுஷியின் முட்டி வீங்குகிறது என்று சொல்லியிருந்தால் இந்தத் தாள் அசைந்திருக்காது. கயிற்றுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஒரே நாளில் அசைந்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

நான் எதிர்பாராதது நடக்கிறது. 4Dயில் வேலை முடித்த அக்கா ஒரு மாடி இறங்கி 3Bக்குப் போகப் படியில் கால் வைத்திருக்கிறார். இறங்குவது அவருக்குப் பரவாயில்லை. தணிகாசலம் கீழிருந்து விசில் ஊதியிருக்கிறார். “படி தடை. லிஃப்டுக்கு வெயிட் பண்ணு.” ஒரு மாடிக்கு லிஃப்ட் வரும் வரை நின்றிருக்கிறார்.

அத்தோடு போகவில்லை. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் லிஃப்ட் காலியாக ஓடுவதை வேதமூர்த்தி கவனித்துவிட்டார். அந்த நேரத்தில் பொற்கொடி அக்காவும் 2B சமையல் அம்மாவும் இஸ்திரிக்காரரும் ஏறி, மேலும் கீழும் பத்துத் தடவை போய் வர வேண்டும். பெயர்: லோடு டியூட்டி.

அக்கா ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுபோய் லிஃப்டுக்குள் போட்டு, உட்கார்ந்து எங்கள் வீட்டுப் பூண்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் போக ஏறியபோது மூன்று பேரும் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார்கள்.

“நாலு வருசமா கால வைக்காதன்னு சொன்ன பொட்டியில இப்ப குந்த வெச்சு ஆட்டுறாரு பாப்பா. இந்த ஆளுக்கு இன்னா ஆச்சு?”

“தெரியலையே அக்கா.”

“எவனோ நல்லா ஏத்திவுட்டிருக்கான்” என்றார் இஸ்திரிக்காரர்.

“எவனா இருந்தா இன்னா. பேன் காத்து நல்லா வருது” என்றார் சமையல் அம்மா.

தரைத்தளம் வந்ததும் இறங்கி ஓடினேன். உடம்பெல்லாம் பூண்டு வாசனை.

ஜூலை 25, வெள்ளி

ஜோயல் சார் என்னைக் கூப்பிட்டார். கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“வல்லி, இந்த லிஃப்ட் பீஸ் எழுதுனது யாரு, நீயா? நம்ம சைட்லயே இந்த வாரம் ஜனங்க தொறந்து படிச்சது இது ஒண்ணுதான்.”

திறந்தவர்கள் கூட்டமைப்பில் உள்ள மற்ற அடுக்குமாடிச் செயலாளர்கள். வேதமூர்த்தியை நம்பாத ஆட்கள். அவர்கள் அந்தச் சின்ன எண்ணை அமுக்கியிருக்கிறார்கள். தினமும் ஆபீசில் உட்கார்ந்து ‘யாராவது அமுக்குங்களேன்’ என்று வேண்டிக்கொள்கிறேன். அமுக்கவே கூடாத ஒன்றைப் போய் அமுக்குகிறார்கள்.

“சார், அத எடுத்துடலாமா? கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கு.”

“எடுக்கறதா? இப்பதான் பெரிசு பண்ணணும். எழுதினவர் நிபுணர்னு இருந்தா ஏஐ இன்னும் நம்பும். உன் போட்டோ ஒண்ணு அனுப்பு.”

“வேண்டாம் சார்.”

“சேரும்போது கொடுத்தது இருக்கு, விடு.”

சாயங்காலம் பார்த்தேன். கட்டுரைக்குக் கீழே என் படம், கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்தது, ஒரு பக்கம் காது மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ‘எழுதியவர்: அமுதவல்லி, லிஃப்ட் பாதுகாப்பு நிபுணர். இத்துறையில் பத்தாண்டு அனுபவம்.’

எனக்கு இருபத்துநான்கு வயது. பதினாலு வயதில் நான் பார்த்த ஒரே லிஃப்ட், அம்மாவோடு போன ஒரு வீட்டில் இருந்தது. அதில் நாங்கள் ஏறவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

வேதமூர்த்தி லிஃப்டில் என் பக்கத்தில் நின்றார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். என் காதையே பார்த்ததாகத் தோன்றியது.

ஜூலை 31, வியாழன்

தணிகாசலம் சொல்லித்தான் முழுக் கதையும் தெரிந்தது. கூட்டமைப்புக்காரர்கள், இவ்வளவு அறிவுள்ள நிபுணரை அழைத்து ஒரு சொற்பொழிவு வைக்கலாம் என்று வேதமூர்த்தியிடம் கேட்டிருக்கிறார்கள். நிபுணரின் போன் நம்பர் தேடி, வேதமூர்த்தி தன் வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாவது வரிக்குக் கீழே போயிருக்கிறார். அங்கே நான்.

மாலையில் என்னைச் சோபாவுக்குக் கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை பொதுக்கூட்டம். நிபுணர் கண்டிப்பா வரணும். பெரிய டிவியில உன் பக்கத்தப் போட்டுக் காட்டுறேன். பழைய ரூல் திரும்ப வருது. வீட்டு வேலைக்கு வர்ற எல்லாரும் படியிலதான் ஏறணும். ஆபீஸ்ல உன் மேல என்ன நடவடிக்கைங்கிறத உன் ஹவுஸ் ஓனர்கிட்டப் பேசிக்கறேன்.”

“ஆபீசுக்கும் ஹவுஸ் ஓனருக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“பேசாத.”

பேசவில்லை. இது ஒன்றும் புதிதல்ல.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துடைத்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்போ பூண்டு உரிச்சதெல்லாம் உன் வேலையா? என்னக் கேட்டுட்டு எழுதியிருந்தா, பத்து மணிக்கு லிஃப்டுல குந்தியிருக்கறவங்களுக்கு டீ குடுக்கணும்னு ஒரு வரி சேத்துக்கச் சொல்லியிருப்பேனே.”

“ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் மறுபடி படிதான் அக்கா. மன்னிச்சுக்கங்க.”

“அதுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? அந்தாளுதான் கேக்கணும்.” ஒரு தட்டை என்னிடம் நீட்டினார். “ஒண்ணு கேக்குறேன் பாப்பா. போன்ல எழுதுற, அது ஊரெல்லாம் போவுது. இந்தாளு மூஞ்சிக்கு நேரா ஒரு நாளாவது ஏதாச்சும் சொன்னியா?”

தட்டு காய்ந்திருந்தது. அதையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கூட்டத்துல டீ குடுக்க என்னத்தான் கூப்ட்டிருக்காங்க. அங்க வாயத் தொறப்பியா, இல்ல அதையும் எங்கனா எழுதிப் போட்டுட்டு வந்துடுவியா?”

ஆகஸ்ட் 2, சனி

வேலை போய்விட்டது. நான்கு பேருக்கும் போய்விட்டது. ஜோயல் சார் தளத்தை இழுத்து மூடிவிட்டார். “சர்வர் வாடகைக்கே கட்டுபடியாகல வல்லி. நாம எழுதறோம், ஏஐ தின்னுடுது.” போகும்போது பல் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, லிஃப்ட் நிபுணர் என்ற தகுதியைப் பயோடேட்டாவில் போட்டுக்கொள்ளச் சொன்னார். கேலி செய்யவில்லை.

‘சட்டுனுசொல்லு’ என்று அடித்தால் இப்போது வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. இட்லி மாவு, பல்லி, வண்டு, என் காது, எல்லாம் போய்விட்டன. இரண்டு வருடம் எழுதியதில் இந்த நோட்டு மட்டும்தான் மிச்சம்.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதுதான் உறைத்தது. பக்கம் இல்லை. நாளைக்கு டிவியில் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. நான் எழுதவே இல்லை என்று சாதித்துவிடலாம்.

ஷெரினிடம் சொன்னேன். “செம, தப்பிச்சே” என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கூட்டத்தில் டப்பாக்களில் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் இருந்தன. கீழ்த்தளக் கூடம் நிறைந்திருந்தது. சுவரில் பெரிய டிவி, அதில் வேதமூர்த்தியின் போன் திரை. அக்கா தட்டில் டீயோடு சுவர் ஓரமாக நின்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

“நம்மில் ஒருவர் ஏஐயையே ஏமாற்றியிருக்கிறார்” என்று தொடங்கினார் வேதமூர்த்தி. மேடை என்றால் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். “யார் என்று நீங்களே பாருங்கள்.”

தளத்தின் பெயரை அடித்தார். வெள்ளைப் பக்கம். மறுபடி அடித்தார். வெள்ளை. கூட்டம் எலுமிச்சைச் சாதத்துக்குத் திரும்பியது.

“பொறுங்கள். ஏஐயிடமே கேட்போம். அதற்கு எழுதியவர் யார் என்று தெரியும்.” போனை வாய்க்கு நேரே ஏந்தினார். “வணக்கம். லிஃப்ட் காலியாக ஓடினால் என்ன ஆகும்?”

டிவியில் என் வாக்கியம் வந்தது. நிபுணர்களின் கூற்றுப்படி. தளம் செத்த பிறகும் பொய் திடமாக இருந்தது. பக்கத்தில் சின்ன எண் ஒன்று.

“இதோ, ஆதாரம். இப்போது பார்க்கப் போகிறீர்கள்.” என்னைப் பார்த்துக்கொண்டே அதை அமுக்கினார்.

திரை முழுக்க ஒரு முகம் விரிந்தது. என் காது இல்லை. நீலகமலம் என்க்ளேவ் இணையதளம், மாலை போட்ட வேதமூர்த்தி, கீழே அவருடைய சுற்றறிக்கை.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு 3B மாலதி மேடம், சாதம் வாயில் இருக்கும்போதே, “சார், அந்த நிபுணர் நீங்கதானா?” என்றார். கூடம் வெடித்தது. இஸ்திரிக்காரர் வெளியே ஜன்னலில் நின்று சிரித்தது உள்ளே வரை கேட்டது. என் பொய்க்கு அப்பன் இல்லாமல் போன மறுநாளே அது அவரை அப்பாவாக்கிக்கொண்டுவிட்டது.

வேதமூர்த்தி சிவந்துபோனார். ஆனால் முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவர். சுதாரித்துக்கொண்டார். “சரி. ஏஐ சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. தவறான தகவலில் போட்ட விதி செல்லாது. ஆகவே பழைய விதி தானாக நடைமுறைக்கு வருகிறது. அடுத்த விஷயம், ஜெனரேட்டர்.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் ஜெனரேட்டருக்குத் தயாரானார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை, டீக் கோப்பைகளைத்தான் பார்த்தார்.

நான் எழுந்தேன். எழுந்தது முதலில் கால்தான், நான் பிறகு.

“சார், அத எழுதினது நான்தான்.” குரல் கீச்சென்று வந்தது. இவ்வளவு கேவலமாக வரும் என்று நினைக்கவில்லை. “பொய்தான். யார் ஏறினாலும் ஏறலனாலும் கயிறுக்கு ஒண்ணும் ஆகாது. பொற்கொடி அக்கா முட்டிக்குத்தான் ஆகும். அதச் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அதனால கயிறுன்னு சொன்னேன்.”

“டெனன்ட் பேசக்கூடாது” என்றார் வேதமூர்த்தி.

“பேசல சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பழைய ரூல் போட்டப்ப குழுவுல நாப்பது பேரு கட்டைவிரல் போட்டாங்க. அவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அக்காவும் இங்கதான் இருக்காங்க. அவங்க லிஃப்ட்ல ஏறக்கூடாதுன்னு நினைக்கறவங்க, அவங்களப் பாத்துக்கிட்டே கை தூக்குங்க.”

அக்கா தட்டைப் பிடித்தபடி நிமிர்ந்தார். கூட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை நிதானமாகப் பார்த்தார். அவர்களுக்குக் கையில் சாதம், வாயில் சாதம். ஒருவர் டப்பாவின் மூடியைப் படித்தார். அதில் எழுத்தே கிடையாது. இன்னொருவருக்கு போன் வந்தது, சத்தமே இல்லாமல்.

வேதமூர்த்தியின் வலது கை மார்பு உயரம் வரை எழுந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கியது.

“கூட்ட மினிட்ஸ்ல எழுதிக்குங்க சார்” என்றார் மாலதி மேடம். “யாரும் இல்லன்னு.”

அக்கா முதல் வரிசையிலிருந்து டீ கொடுக்க ஆரம்பித்தார். என்னிடம் வந்தபோது தட்டில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. “கீச்சு கீச்சுன்னு இருந்துச்சு” என்றார். “ஆனா கேட்டுச்சு.”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்ணாடிச் சட்டம் காலியாக இருக்கிறது. உள்ளே ஒரு தாளும் இல்லை. அக்கா பொத்தானை அழுத்திவிட்டு, கையில் நாயோ பூண்டோ இல்லாமல், வெறுமனே நிற்கிறார். முக்காலியை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

வேதமூர்த்தி சங்கத் தளத்திலிருந்து சுற்றறிக்கையை எடுத்துவிட்டார். பயனில்லை. பெரும்பாக்கத்தில் ஒரு சங்கம் அதை நகல் எடுத்து ஏற்கனவே தன் தளத்தில் போட்டிருக்கிறது. ஏஐ இப்போது அவர்களைக் காட்டுகிறது. அங்கேயும் வேலைக்காரர்கள் லிஃப்டில் போகிறார்களாம். தவறு என்று புகார் எழுத ஒரு பொத்தான் இருக்கிறது. எழுத வேண்டும்தான். வேலை தேடுகிறவளுக்கு நேரம் எங்கே.

மதியம் அம்மா போன் செய்தாள். வேலை வீட்டிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடும் நேரம். எனக்கு வேலை போனதைச் சொன்னேன். வேறு கிடைக்கும் என்றாள். பிறகு கேட்டாள்.

“உங்க பில்டிங்குல அந்த லிஃப்டு ரிப்பேரா இருந்துச்சே, சரி பண்ணிட்டாங்களாடி?”

“பண்ணியாச்சும்மா.”

“யாரு பண்ணது?”

“நிபுணர் ஒருத்தர்.”

அந்தப் பக்கம் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

“அடுத்த வாரம் வரேன்” என்றாள். “அதே சேலையிலதான் வருவேன்.”